ஆள் வராத மாதம்

கடலோரத்தில் பெரிய ஓட்டலில் போய்த் தங்குவதற்கு எந்த மாதம் நல்ல மாதம்? எங்கள் லாட்ஜுக்கு வந்தவர்களிடமெல்லாம் சாந்தாமேரி அக்கா ஒரு வருஷமாக இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். குளிருக்கு இன்னொரு போர்வை கேட்டு நிற்கிறவர்களிடம் போய்க் கடலைப் பற்றி விசாரித்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கும் எனக்கு மானம் போகும்.

"ஏனுங்கக்கா, வந்தவங்களுக்கு ஏரிக்கு வழி சொல்லுவீங்களா, மெட்ராசுக்கு வழி கேப்பீங்களா?" என்று கத்துவேன். அவள் தலையணை உறையை உதறிக்கொண்டே சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு மேல் என்னால் கத்த முடியாது.

நான் ராஜேஸ்வரி. ஏற்காடு ஏரிக்கு மேலே போகும் ரோட்டில் இருக்கும் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் பார்க்கிறேன். எனக்கு வாய் அதிகம் என்று முதலாளி முதல் பால்காரர் வரை எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். சாந்தாக்காவுக்கு வாய் கிடையாது, கைதான். அறை சுத்தம் செய்கிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் மேஸ்திரி. அவள் விரித்த படுக்கையில் சுருக்கம் தேடினால் நம் கண்தான் வலிக்கும். அவளுடைய கணவர் கிறிஸ்துதாஸ் எஸ்டேட் லாரி ஓட்டியவர். மகள் ஷெர்லின் நாலாவது படிக்கும்போது ஒரு நாள் ஸ்டியரிங்கிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் குழந்தை வளர்ந்தது எங்கள் லாட்ஜின் துணி ரூமில்தான். ஸ்கூல் விட்டு வந்து, மடித்து வைத்த போர்வைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும். என் டிபன் டப்பாவில் பாதி அதன் வயிற்றுக்குள் போயிருக்கிறது. அதனால்தான் இப்போது அவள்மேல் எனக்கு இவ்வளவு கோபம்.

ஷெர்லினை ஓட்டல் படிப்புக்குச் சேர்த்ததும் அக்காதான். "நான் பெட்டு விரிச்சேன். எம் புள்ள கோட்டு போட்டுக்கிட்டு சாவி எடுத்துக் குடுக்கோணும்" என்பாள். அப்படியே நடந்தது. சென்னையைத் தாண்டிக் கடற்கரை ரோட்டில் இருக்கும் ஒரு பெரிய ரிசார்ட்டில் ஷெர்லினுக்கு வேலை கிடைத்தது. அறையிலிருந்து இறங்கினால் மணல், மணல் தாண்டினால் கடல் என்று போட்டோ அனுப்பினாள். அக்கா அந்தப் போட்டோவை லாட்ஜில் காட்டாத ஆள் இல்லை.

ஆனால் பெண் ஊருக்கு வருவது நின்றுபோனது. மூன்று வருஷமாக முகத்தைக் காட்டவில்லை. கிறிஸ்துமஸுக்கு அங்கே கூட்டம், அவளுக்கு லீவு கிடையாது. இங்கேயும் கூட்டம், அக்காவுக்கும் லீவு கிடையாது. எங்கள் தொழிலில் நல்ல நாளெல்லாம் அடுத்தவர்களுக்குத்தான். "சரி, நான் வரட்டுமா சாமி, உன்னையும் பாத்த மாதிரி இருக்கும், கடலையும் பாத்த மாதிரி இருக்கும்" என்று அக்கா போனில் கேட்பாள். மே மாதம் என்றால், வெயில் உனக்கு ஒத்துக்காதும்மா என்பாள் பெண். அக்டோபர் என்றால் புயல். ஜனவரி என்றால் ஓட்டல் நிறைந்திருக்கிறது, நிற்க நேரமில்லை. "எந்தச் சீசன் நல்லா இருக்குதுன்னு பாத்துச் சொல்றேம்மா" என்று வைத்துவிடுவாள்.

நமக்கு இது போதாதா புரிந்துகொள்ள? எனக்குப் புரிந்தது. அக்காவுக்குப் புரியவில்லை. ஓட்டல்காரர்களின் கஷ்டம் ஓட்டல்காரிக்குத்தானே தெரியும் என்று அவள் பெண்ணுக்காக எங்களிடம் வாதாடினாள். அப்போதிருந்துதான் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் கடலுக்கு நல்ல மாதம் எது என்று கேட்க ஆரம்பித்தாள்.

ஆளுக்கொன்று சொன்னார்கள். சென்னையிலிருந்து வந்த பேங்க் தம்பதி, ஜனவரி பிப்ரவரிதான், காற்று மெதுவாக இருக்கும், தண்ணீர் நீலமாக இருக்கும் என்றார்கள். பாண்டிச்சேரிப் பையன்கள், ஜூன் ஜூலையில் அலை பிரமாதம் என்றார்கள். பெங்களூர்க் குடும்பம் ஒன்று, டிசம்பர் கடைசியை விட்டால் அதெல்லாம் ஒரு ட்ரிப்பா என்றது. ஒரு டாக்டர், "மே மாசம் மட்டும் போயிடாதீங்கம்மா, வெந்துடுவீங்க" என்றார். அக்கா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள்.

போன வருஷம், லாட்ஜில் அவள் வேலைக்குச் சேர்ந்து இருபத்தைந்து வருஷம் ஆனது. முதலாளி சந்திரசேகர் நல்ல மனுஷர். எங்களை எல்லாம் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, "ஏனுங்க சாந்தாம்மா, உங்களுக்கு என்ன வேணும்னு வாய் தொறந்து கேளுங்க" என்றார். பட்டுப்புடவை கேட்பாள், பீரோ கேட்பாள் என்று நினைத்தோம். அவள் முந்தானையைத் திருகிக்கொண்டே, "எம் பொண்ணு வேலை பாக்கற ஓட்டல்ல ஒரு ரெண்டு நாள் தங்கோணுமுங்க" என்றாள்.

எங்கள் தொழிலில் ஒரு முதலாளி அனுப்பும் ஆளுக்கு இன்னொரு முதலாளி ரூம் கொடுப்பது உண்டு. முதலாளி இரண்டு மூன்று பேருக்குப் போன் போட்டார். எங்கள் லாட்ஜிலிருந்து ஒரு ஆள் என்று மட்டும்தான் சொன்னார், சரியென்று சொல்லிவிட்டார்கள். "எந்த மாசம்னு நீங்களே முடிவு பண்ணுங்க. ஜனவரின்னாலும் நான் கேட்டு வாங்கித் தர்றேன்" என்றார்.

"ஜனவரி" என்றேன் நான்.

"நவம்பர்" என்றாள் அக்கா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏனுங்கக்கா, உங்களுக்குக் கிறுக்கு புடிச்சிருச்சா? நவம்பர்ல அங்க மழை ஊத்தும். கடல்ல கால் நனைக்கக்கூட உட மாட்டாங்க. ஒரு ஈ காக்கா இருக்காது!"

"அதுக்குத்தான் ராஜி போறேன்" என்றாள். "ஜனவரில போனா கடலைப் பாக்கலாம். புள்ளயப் பாக்க முடியுமா? நம்ம லாட்ஜுல மே மாசம் உன்னோட ஊட்டுக்காரர் வந்து நின்னாலே நீ நிமுந்து பாக்க மாட்டே. ஆள் வராத மாசந்தான் நமக்கெல்லாம் ஒக்காந்து பேச நேரம் இருக்குது. அவளுக்கு நேரம் இருக்கற மாசம்தான் எனக்கு நல்ல மாசம்."

லாட்ஜில் வேலை பார்க்கிறவளைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு கணக்கு தோன்றாது. பெண்ணிடம் சொல்ல வேண்டாம், போய் நின்றுகொள்கிறேன் என்றாள். சொன்னால் மறுபடியும் ஏதாவது சீசன் சொல்லுவாள் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. ஒரு பை நிறையக் கமலா ஆரஞ்சு, ஒரு டப்பா முறுக்கு, என்னுடைய நல்ல ஸ்வெட்டர். கடலோரத்தில் எதற்கு ஸ்வெட்டர் என்றால் கேட்டால்தானே. சேலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சின்னப்பிள்ளை மாதிரி எனக்குக் கையாட்டிக்கொண்டே போனாள்.

இனிமேல் சொல்லப்போவது எல்லாம் அவள் திரும்பி வந்த பிறகு என்னிடம் சொன்னது. ஒரேயடியாகச் சொல்லவில்லை. போர்வையின் அந்த முனையை அவளும் இந்த முனையை நானும் பிடித்து மடிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

மழையில் நனைந்துகொண்டேதான் ரிசார்ட்டுக்குள் போயிருக்கிறாள். ரிசப்ஷனில் ஷெர்லின். கோட்டு, உயரக் கொண்டை, நெஞ்சில் பெயர் வில்லை. இவளைப் பார்த்ததும் முகத்தில் ரத்தமே இல்லாமல் போய்விட்டதாம். அடுத்த நொடியே இரண்டு கையையும் கூப்பி, "வெல்கம் மேடம்" என்றிருக்கிறாள். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. டூட்டியில் இருக்கும்போது சொந்தம் கொண்டாடக் கூடாது என்று எங்கள் லாட்ஜிலும் சட்டம் உண்டு. பெண் தொழிலைச் சுத்தமாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து, இவளும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு சாவியை வாங்கிக்கொண்டாள்.

டூட்டி முடிந்து சாயங்காலம் அறைக்கு வந்தவள், கதவைச் சாத்தியதும் அம்மாவைக் கட்டிக்கொண்டு விடவே இல்லையாம். ஆரஞ்சை உரித்து உரித்துத் தின்றாள். மடியில் தலை வைத்துப் படுத்து, கொண்டையை அவிழ்த்து எண்ணெய் வைக்கச் சொன்னாள். வெளியே மழை. கடல், ரொம்ப நாள் துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன பெட்ஷீட் மாதிரி இருந்தது என்றாள் அக்கா. "ஆனா ராஜி, அன்னிக்கு நான் கடலைப் பாக்கவே இல்ல. அவ தலையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்." போகும்போது பெண் ஒன்று மட்டும் சொல்லியிருக்கிறாள்: "ம்மா, இங்க யார்கிட்டயும் எதுவும் பேசிக்காத. கெஸ்ட்டுங்ககிட்ட ஸ்டாஃப் பேசக் கூடாதுன்னு ரூலு." ரூல் என்றால் ரூல்தானே. அக்கா தலையாட்டிவிட்டாள்.

மறுநாள் காலையில்தான் எல்லாம் கெட்டது.

பழக்கத்தை எங்கே கொண்டுபோய் ஒளித்து வைப்பது? எழுந்ததும் படுக்கை விரிப்பை உருவினாள். தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் அதற்குள்ளேயே போட்டு, நாலு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக் கதவோரம் மூட்டையாக வைத்தாள். லாட்ஜ் வேலை செய்கிறவர்கள் மட்டும்தான் அப்படி மூட்டை கட்டுவார்கள். அறை சுத்தம் செய்ய வந்த பெண் அந்த முடிச்சைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள். பெயர் லூர்துசெல்வி, பக்கத்து மீனவர் குப்பத்துக்காரி.

"இன்னாக்கா, நீயும் நம்ம வேலைதானா?"

தன் ஆளைப் பார்த்த சந்தோஷத்தில் அக்காவுக்கு ரூலெல்லாம் மறந்துபோனது. "ஆமாங்க, ஏற்காட்டுல" என்றாள்.

"ஏற்காடா! எங்க ஷெர்லின் மேடம் ஊராச்சே! தெரியுமாக்கா அவங்கள?"

என் பொண்ணு என்று சொல்ல வாயைத் திறந்தாளாம். அதற்குள் லூர்துசெல்வி துடைத்துக்கொண்டே பேசிக்கொண்டு போனாள். "தங்கமான பொண்ணுக்கா. பாவம், அம்மா இல்லாத பொண்ணு. ஸ்கூல் டீச்சராமே அவங்கம்மா? சின்ன வயசுலயே பூட்டாங்களாம். கல்லறைத் திருநாளுக்கு நான் எங்கம்மா கல்லறைக்குப் போறேன்னு சொன்னேனா, நீளமா ஒரு மெழுகுவத்தி வாங்கியாந்து, அவங்கம்மாவுக்கும் சேத்து ஒண்ணு ஏத்தச் சொல்லிக் குடுத்தாங்க. பேரு இன்னா மேடம்னேன். பேரு வேணாம், அம்மான்னு மட்டும் சொல்லி ஏத்துன்னாங்க. எனக்கே அழுகை வந்துடுச்சு."

உறை மாட்டாத மெத்தையில் அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏத்துனீங்களா?" என்று கேட்டிருக்கிறாள்.

"ஏத்தாம? காத்துல ரெண்டு தபா அணைஞ்சுச்சு. கை வச்சு மறைச்சு ஏத்துனேன். உனுக்குத் தெரியுமாக்கா அவங்கம்மாவ?"

நானாக இருந்தால் அந்த இடத்தில் ஓட்டலே இடிந்து விழும்படி கத்தியிருப்பேன். இவள் என்ன சொன்னாள் தெரியுமா? "தெரியுமுங்க" என்றாள். "நல்ல டீச்சருங்க. காச்சல்ல போயிட்டாங்க." தன் சாவுக்குத் தானே ஒரு காய்ச்சலையும் வரவழைத்துக் கொடுத்துவிட்டாள். இதை என்னிடம் சொல்லும்போது நான் போர்வை முனையை விட்டுவிட்டேன். அவள் விடவில்லை. "இல்லீன்னா புள்ள பொய்க்காரி ஆயிருவா இல்ல, ராஜி" என்றாள்.

மனுஷ நடமாட்டம் இல்லாத ஓட்டலில் பேச்சு பரவ எவ்வளவு நேரம் ஆகும்? அந்த மாதத்தில் அந்த ரிசார்ட்டில் இருந்த விருந்தாளிகளையே விரல் விட்டு எண்ணிவிடலாம். வேலைக்காரர்களுக்குப் பொழுது போகவில்லை. மத்தியானத்துக்குள், ஷெர்லின் மேடத்தின் அம்மாவைத் தெரிந்த அக்கா ஒருத்தி வந்திருக்கிறாள் என்று சமையல்கட்டு வரை போய்விட்டது. சாயங்காலம் ஷெர்லின் அறைக்கு வந்து, கதவில் சாய்ந்தபடியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள்.

"வேலைக்குச் சேந்தப்ப எல்லாரும் அப்பா என்ன பண்றார், அம்மா என்ன பண்றாங்கன்னு கேட்டாங்கம்மா. கூடச் சேந்தவங்கல்லாம் பெரிய ஊட்டுப் புள்ளைங்க. அம்மா டீச்சர்னு சொல்லிட்டேன். அப்பறம் ஊருக்கு வர்றோம், அம்மாவப் பாக்கறோம்னு ஆரம்பிச்சாங்க. செத்துட்டாங்கன்னு சொன்னா யாரும் மேல கேக்க மாட்டாங்கல்ல." சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதிருக்கிறாள். அழுகைக்கு நடுவில் இன்னொன்றும் சொன்னாள். "நீ ஜனவரில வந்திருக்கக் கூடாதாம்மா? அவ்வளவு கூட்டத்துல யார் யாருன்னு யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

அக்கா அவளைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். திட்டவில்லை. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. திட்டியிருக்க வேண்டும், அறைந்திருக்க வேண்டும். அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாளாம். கடைசியில் ஷெர்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு நீ கெளம்பறப்ப எல்லார் முன்னாலயும் சொல்லிடறேம்மா. இதுதான் எங்கம்மான்னு சொல்லிடறேன். சத்தியமா" என்றாள். அம்மாவின் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் செய்தாள்.

அக்கா நம்பினாள். காலையில் எழுந்து, கொண்டுபோன புடவைகளில் நல்லதாக ஒன்றைக் கட்டிக்கொண்டாள். தலை வாரிப் பூ வைத்துக்கொண்டாள். அந்தப் பூவைக் கொடுத்ததும் லூர்துசெல்விதான். அன்றைக்குப் படுக்கையை உருவவில்லை. கெஸ்ட் மாதிரி அப்படியே விட்டுவிட்டு வந்தாளாம். மேடத்தின் அம்மாவாக நிற்கப்போகிறோம், மரியாதையாக இருக்கட்டும் என்று.

வாசலில் கார் நின்றது. கூட்டமில்லாத நாள் என்பதால் வழியனுப்ப எல்லோரும் வந்து வரிசையாக நின்றார்கள். மேனேஜர், தோட்டக்காரர், சமையல்காரர்கள், லூர்துசெல்வி. ஷெர்லின் நடுவில் நின்றாள். லூர்துசெல்வி உற்சாகமாக, "மேடம், உங்கம்மாவப் பாத்தவங்க, கூட நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கங்க" என்று கையைப் பிடித்து இழுத்து இவள் பக்கத்தில் நிறுத்தினாள். தோளும் தோளும் இடித்தது. இப்போது சொல்லிவிடுவாள், இப்போது சொல்லிவிடுவாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம் அக்கா.

போட்டோ எடுத்தார்கள். ஷெர்லின் நிமிர்ந்து எல்லோரையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு கையைக் கூப்பினாள்.

"பாத்துப் போங்க ஆன்ட்டி."

"சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு அக்கா காரில் ஏறிக்கொண்டாள்.

அவள் ஊருக்கு வந்து இறங்கியதும், "கடல் எப்புடிங்கக்கா இருந்துச்சு?" என்று எல்லோரும் மொய்த்தார்கள். நல்லா இருந்துச்சு, பெருசா இருந்துச்சு என்று சிரித்தாள். ஆரஞ்சுப் பையை மடித்து வைத்தாள். என் ஸ்வெட்டரைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்தாள். விருந்தாளிகளிடம் மாதம் கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். அதை வைத்துத்தான் நான் அவள் வாயைப் பிடுங்கினேன். எல்லாம் கேட்டு முடித்த அன்று எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு, நீ தின்ற என் டிபன் டப்பாவிலிருந்து ஆரம்பித்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன் என்று குதித்தேன். அக்கா என் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். "உடு ராஜி. சின்னப் புள்ள" என்றாள். இருபத்தேழு வயசுச் சின்னப் பிள்ளை.

ஜனவரி பிறந்தது. காப்பிப் பழம் பறிக்கும் ஆட்கள் காலையில் பனியோடு லாட்ஜைக் கடந்து போவார்கள். பொங்கல் லீவுக்கு எங்களுக்கும் கொஞ்சம் கூட்டம். அக்கா ரிசப்ஷனுக்கு வந்து சாவிகளை வாங்கிக்கொண்டிருந்தபோது ஷெர்லினிடமிருந்து போன் வந்தது. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். அதனால் எனக்கும் கேட்டது.

"ம்மா, இப்ப வாம்மா. இப்பதான் நல்ல சீசன். கடல் அவ்வளவு நீலமா இருக்கும்மா, அலையே இல்ல. நீ கால் நனைக்கலாம். நான் ரூமுக்குச் சொல்லி வெச்சுட்டேன். ஓட்டல் முழுக்க ஆளுங்க. யாருக்கும் எதுவும் தெரியாது. நீ வந்துரும்மா."

அக்கா முழுவதையும் கேட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அவள் குரலில் கோபம் இல்லை. லீவு இல்லை என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"இல்ல கண்ணு. செத்தவ எங்க சாமி ஊர் சுத்திப் பாக்க வருவா? நீ நல்லாச் சாப்புடு."

சொல்லிவிட்டுச் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, துடைப்பத்தோடு மாடிப்படி ஏறிப் போய்விட்டாள். போன் என் மேஜைமேல் கிடந்தது. அந்தப் பக்கம் ஷெர்லின் "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இவ்வளவு வாய் இருந்தும் எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. வைத்துவிடவும் மனசு வரவில்லை. மேலே அக்கா பெட்ஷீட் உதறும் சத்தம் கேட்டது.